வாசகர் கேள்விகள்: வெயிலும் ஜிகர்தண்டாவும் ஒரு நேர்கோடும்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் எளிய நேர்கோட்டுத் தொடர்புப் போக்கைச் சுற்றியே இருந்தன. கல்லூரியிலும் வேலையிடத்திலும் ‘லீனியர் ரெக்ரஷன்’ என்கிறோமே, அதுதான்: ஒன்று மாறும்போது இன்னொன்று எவ்வளவு மாறும் என்று ஒரு நேர்கோடு போட்டுக் கணிப்பது. முதல் கேள்வியில் உள்ள 8 நாள் கணக்கையே மற்ற பதில்களுக்கும் எடுத்துக்கொண்டோம். கையில் ஒரு தாள் இருந்தால் கூடவே போட்டுப் பார்க்கலாம்.

கேள்வி (தெற்கு மாசி வீதி, மதுரை): சின்னதாக ஒரு ஜிகர்தண்டா கடை வைத்திருக்கிறோம். மறுநாளைக்கு எவ்வளவு பால் சுண்டக் காய்ச்சுவது என்பது தினமும் குத்துமதிப்புதான். 8 நாள் கணக்கை நோட்டில் எழுதியிருக்கிறேன். உச்ச வெப்பநிலை 32, 34, 35, 36, 36, 37, 38, 40 டிகிரி. அதே வரிசையில் விற்றது 112, 128, 143, 144, 161, 154, 170, 188 டம்ளர். நாளைக்கு 39 டிகிரி என்கிறார்கள். எவ்வளவு போகும்? மகள் பைத்தான் படிக்கிறாள், நிரலையும் கொடுங்கள்.

பதில்: கணினியைத் தொடுமுன் ஒரு தடவை பேனாவால் போட்டுவிடுங்கள். 8 வரிதான், பத்து நிமிட வேலை. நிரல் தவறான விடை தந்தால் பிடித்துக்கொள்ள இந்தத் தாள்தான் உதவும்.

வெப்பநிலையின் சராசரி 36, விற்பனையின் சராசரி 150. ஒவ்வொரு நாளும் இந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்று எழுதுங்கள். வெப்பநிலைக்கு −4, −2, −1, 0, 0, 1, 2, 4. விற்பனைக்கு −38, −22, −7, −6, 11, 4, 20, 38. இரண்டு வரிசையும் தனித்தனியே கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் அங்கேயே நில்லுங்கள், சராசரியில் பிழை. நாள்வாரியாக இரண்டு விலக்கத்தையும் பெருக்கிக் கூட்டினால் 399. வெப்பநிலை விலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 42. 399-ஐ 42-ஆல் வகுத்தால் 9.5. இதுதான் சாய்வு: ஒரு டிகிரி ஏறினால் ஒன்பது பத்து டம்ளர் கூடுதலாகப் போகிறது. 150-லிருந்து 9.5 × 36-ஐக் கழித்தால் −192, இது வெட்டுத்துண்டு: வெப்பநிலை பூஜ்யம் என்றால் கோடு சொல்லும் எண். ஆக, விற்பனை = 9.5 × வெப்பநிலை − 192.

இனி நிரல். பைத்தான் 3 தமிழில் வைத்த மாறிப் பெயர்களை அப்படியே ஏற்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. முதல் வரியில் ‘நம்பை’ என்ற கணக்குத் தொகுப்பிலிருந்து அர்ரேயை ‘அணி’ என்றும், சம்மை ‘கூட்டு’ என்றும், மீனை ‘சராசரி’ என்றும் ‘ஆஸ்’ போட்டு இம்போர்ட் செய்துகொள்ளச் சொல்லுங்கள். அடுத்த வரியில் ‘அச்சிடு’ என்ற பெயருக்குப் பிரின்ட்டைச் சமன்படுத்துங்கள். அந்த இரண்டு வரி மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்கும். மீதி இப்படி:

```
வெயில் = அணி([32, 34, 35, 36, 36, 37, 38, 40])
டம்ளர் = அணி([112, 128, 143, 144, 161, 154, 170, 188])

வெ_விலக்கம் = வெயில் - சராசரி(வெயில்)
ட_விலக்கம் = டம்ளர் - சராசரி(டம்ளர்)

சாய்வு = கூட்டு(வெ_விலக்கம் * ட_விலக்கம்) / கூட்டு(வெ_விலக்கம் ** 2)
வெட்டு = சராசரி(டம்ளர்) - சாய்வு * சராசரி(வெயில்)

கணிப்பு = வெட்டு + சாய்வு * வெயில்
பிழை = டம்ளர் - கணிப்பு
ஆர்2 = 1 - கூட்டு(பிழை ** 2) / கூட்டு(ட_விலக்கம் ** 2)

அச்சிடு(சாய்வு, வெட்டு, ஆர்2)
அச்சிடு(பிழை)
```

9.5, −192, 0.949 என்று வர வேண்டும். கடைசி எண் ஆர்2: விற்பனையின் ஏற்ற இறக்கத்தில் எவ்வளவு பங்கைக் கோடு விளக்குகிறது என்பது, 1 என்றால் முழுப் பொருத்தம். பிழைகள் 0, −3, 2.5, −6, 11, −5.5, 1, 0. கடையில் கணினி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கூகுள் கோலாப்பைக் கைபேசி உலாவியிலேயே திறந்து இதை ஓட்டலாம்.

39 டிகிரிக்குக் கணக்கு 178.5 டம்ளர். இந்த ஒற்றை எண்ணை நம்பிப் பால் காய்ச்சாதீர்கள். எவ்வளவு முன்னே பின்னே போகும் என்பதையும் போட வேண்டும்:

```
திட்டப்பிழை = (கூட்டு(பிழை ** 2) / 6) ** 0.5
அகலம் = 2.447 * திட்டப்பிழை * (1 + 1/8 + (39 - 36) ** 2 / 42) ** 0.5
அச்சிடு(திட்டப்பிழை, அகலம்)
```

8 நாளில் சாய்வு, வெட்டு என இரண்டைக் கணித்துவிட்டதால் 6-ஆல் வகுக்கிறோம். 2.447 என்பது புள்ளியியல் புத்தகங்களில் உள்ள டி அட்டவணையில் கட்டின்மைக் கூறு 6-க்கு (அந்த 8 − 2 தான்), 95 விழுக்காட்டுக்கு உரிய மதிப்பு. திட்டப்பிழை 5.82, அகலம் 16.5. அதாவது 178.5-க்கு மேலும் கீழும் 16.5 வைத்தால், 162-லிருந்து 195 டம்ளர் வரை எதுவும் ஆகலாம். சுண்டிய பால் மறுநாளைக்குத் தாங்கும் என்றால் மேல் எல்லையை ஒட்டிக் காய்ச்சுங்கள். தாங்காது என்றால் 178-ஐ ஒட்டி நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த முடிவு கடைக்காரருடையது, கோட்டுக்கு அதில் வேலை இல்லை.

இன்னும் மூன்று விஷயம் நோட்டில் பார்க்க வேண்டும். ஒன்று, 40 டிகிரி நாளில் 188 டம்ளர் விற்றது. அன்று பால் தீர்ந்துபோய் முன்னதாகக் கடை அடைத்தீர்களா? அடைத்திருந்தால் 188 என்பது இருப்பின் அளவுதான். கேட்டு வந்தவர்கள் அதைவிட அதிகம். அப்படித் தீர்ந்துபோன நாட்களை எல்லாம் சேர்த்தால் சாய்வு உண்மையைவிடப் படுத்துவிடும். தீர்ந்த நேரத்தை ஒரு தனிக் கட்டத்தில் குறித்து வையுங்கள்.

இரண்டு, 36 டிகிரியில் இரண்டு நாள் இருக்கிறது. ஒன்றில் 144, மற்றதில் 161. வெயில் ஒன்றே, வித்தியாசம் 17 டம்ளர். ஞாயிற்றுக்கிழமையா, கோயில் கூட்டமா? சித்திரைத் திருவிழா நாட்களை இந்தக் கணக்கில் கலக்கவே கூடாது. அழகர் ஆற்றில் இறங்கும் அன்று வெயிலும் இருக்கும், ஊரே தெருவிலும் இருக்கும். கலந்துவிட்டால் கூட்டம் வாங்கிக் குடித்ததை எல்லாம் வெயிலின் கணக்கில் எழுதிவிடும் இந்தக் கோடு.

மூன்று, நோட்டில் இருப்பது நடந்து முடிந்த வெப்பநிலை. நாளைய 39 என்பதோ முன்னறிவிப்பு. முன்னறிவிப்பு ஒரு டிகிரி தப்பினாலே 9.5 டம்ளர் இடறும். முடிந்தால் முந்தின நாள் சொன்ன முன்னறிவிப்பையே தினமும் எழுதி, அதை வைத்துக் கோடு போடுங்கள். எங்கிருந்து எடுத்தாலும் ஒரே இடத்திலிருந்து எடுங்கள். ஒருநாள் விமான நிலையத்தின் அளவு, ஒருநாள் கைபேசியில் காட்டும் ‘உணரப்படும் வெப்பநிலை’ என்று மாற்றி மாற்றி எழுதினால் கணக்கு கெட்டுவிடும்.

கேள்வி (திருநகர்): வெட்டுத்துண்டு மைனஸில் வந்தால் கணக்கு தப்பா? பூஜ்ய டிகிரியில் −192 டம்ளர் என்றால் என்ன அர்த்தம்?

பதில்: அர்த்தம் எதுவும் இல்லை, தப்பும் இல்லை. 32-க்கும் 40-க்கும் இடையில் பார்த்த நாட்களைக் கொண்டு கோட்டை வரைந்துவிட்டு, அதே கோட்டைப் பூஜ்யம் வரை நீட்டினால் இப்படித்தான் ஆகும். மதுரை காணாத குளிரைப் பற்றிக் கோட்டிடம் கேட்கிறோம். 20 டிகிரியிலேயே அது −2 டம்ளர் என்று சொல்லிவிடும். வாசிக்க வசதியாக வேண்டுமென்றால் வெப்பநிலையிலிருந்து 36-ஐக் கழித்துவிட்டு நிரலை ஓட்டுங்கள். சாய்வு அதே 9.5, வெட்டு 150 ஆகிவிடும்: சராசரி வெயில் நாளில் 150 டம்ளர். கணிப்புகள் ஒன்றும் மாறாது.

கேள்வி (கல்லூரி மாணவி, திருமங்கலம்): உடன்மாறுபாட்டை மாறுபாட்டால் வகுத்தால் சாய்வு என்று பாடத்தில் இருக்கிறது. நம்பையில் கவ் (உடன்மாறுபாடு), வார் (மாறுபாடு) இரண்டையும் வைத்துச் செய்தேன். 9.5 வர வேண்டிய இடத்தில் 10.857 வருகிறது. சூத்திரம் சரி, எண்களும் சரி. எங்கே தப்பு?

பதில்: இரண்டு சார்பும் வெவ்வேறு எண்ணால் வகுக்கின்றன. கவ் தானாகவே ஒன்று குறைத்து 7-ஆல் வகுக்கும்: 399 ÷ 7 = 57. வார் தானாக 8-ஆல் வகுக்கும்: 42 ÷ 8 = 5.25. 57-ஐ 5.25-ஆல் வகுத்தால் உங்கள் 10.857. வாருக்குள் ‘டிடாஃப்’ என்பதை, அதாவது வகுக்கும் எண்ணில் எவ்வளவு குறைப்பது என்பதை, 1 என்று கொடுங்கள். மாறுபாடு 6 ஆகும், சாய்வு 9.5-க்கு வந்துவிடும். ஆயிரக்கணக்கில் வரிகள் இருந்தால் இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது. அதனால்தான் பழக எடுக்கும்போது சின்னக் கணக்காக எடுக்கச் சொல்கிறோம்.

நேரடியாகக் கோடு போட்டுத் தரும் நம்பையின் பாலிஃபிட்டைப் பயன்படுத்துவோருக்கும் ஒரு வார்த்தை: படி 1 கொடுத்தால் முதலில் சாய்வு, பிறகுதான் வெட்டு வரும். மாற்றி எடுத்துக்கொண்டு மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்வோர் உண்டு.

கேள்வி (ஒத்தக்கடை): பைத்தானின் சைக்கிட்லேர்ன் தொகுப்பில் ஃபிட் கொடுத்ததும் ‘எக்ஸ்பெக்டட் 2டி அர்ரே, காட் 1டி அர்ரே இன்ஸ்டெட்’ என்று பிழை வருகிறது. அதை விட்டுவிட்டு ஸ்டாட்ஸ்மாடல்ஸில் போட்டேன், உடனே ஆர்2 0.992 வந்தது. அப்படியானால் இதுதானே நல்ல தொகுப்பு?

பதில்: முதல் பிழை சின்னது. சைக்கிட்லேர்னுக்கு விளக்கும் மாறி (இங்கே வெயில்) எப்போதும் அட்டவணையாக, வரிசையும் நெடுவரிசையுமாக வர வேண்டும், ஒரே ஒரு நெடுவரிசை இருந்தாலும்கூட. அணியாக வைத்திருந்தால் ரீஷேப்பில் −1, 1 கொடுங்கள். பாண்டாஸ் அட்டவணையிலிருந்து எடுத்தால் நெடுவரிசைப் பெயரை இரட்டைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள். விற்பனை வரிசைக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

இரண்டாவதுதான் ஆபத்தானது. ஸ்டாட்ஸ்மாடல்ஸில் கோடு போடும் ஓஎல்எஸ் வெட்டுத்துண்டைத் தானாகச் சேர்க்காது. ‘ஆட் கான்ஸ்டன்ட்’ போட மறந்தால் கோட்டை இழுத்துப் பூஜ்யப் புள்ளி வழியாக விட்டுவிடும். உங்கள் விடையில் சாய்வு 4.188 என்று இருக்குமே, பாருங்கள். அந்தக் கோடு 32 டிகிரிக்கு 134 என்கிறது, விற்றது 112. 40 டிகிரிக்கு 167.5 என்கிறது, விற்றது 188. பிழை வர்க்கங்களின் கூட்டுத்தொகை சரியான கோட்டுக்கு 203.5, இதற்கு 1393. கிட்டத்தட்ட ஏழு மடங்கு மோசம்!

பிறகு 0.992 எப்படி வந்தது? வெட்டுத்துண்டு இல்லாதபோது ஆர்2-வின் அளவுகோலையே அது மாற்றிக்கொள்கிறது. வழக்கமாக ‘தினமும் 150 என்று சொல்லியிருந்தால் எவ்வளவு பிழை’ என்பதோடு ஒப்பிடும். இப்போது ‘தினமும் பூஜ்யம் என்று சொல்லியிருந்தால்’ என்பதோடு ஒப்பிடுகிறது. பூஜ்யத்தைவிட எந்தக் கோடும் மேல்தான். அச்சாகும் அட்டவணையில் ஆர்2-வுக்குப் பக்கத்தில் ‘அன்சென்டர்ட்’ என்று ஒரு சொல் இருக்கும். அதைக் கண்டால் கான்ஸ்டன்ட்டைச் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள்.

கேள்வி (மேலூர்): நூறு வரிக்கு மேல் தட்டெழுதினேன். ஒரு எண் தப்பானால் என்ன பெரிதாகிவிடப் போகிறது?

பதில்: மேலே உள்ள கணக்கில் 40 டிகிரியை 4 என்று அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பூஜ்யம்தான் விடுபட்டது. சாய்வு 9.5-லிருந்து −1.09 ஆகிவிடும். வெயில் ஏற ஏற ஜிகர்தண்டா விற்பனை குறையும் என்று சொல்லும், ஆர்2 0.26 என்று ஒரு சான்றிதழும் கொடுக்கும். நிரலில் ஒரு பிழைச்செய்தியும் வராது.

நாம் கோடு போட்டது மீச்சிறு வர்க்க முறையில்: பிழை வர்க்கங்களின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும் கோட்டை எடுப்பது. இதில் ஓரத்தில் இருக்கும் புள்ளிக்குப் பிடி அதிகம். சரியான கணக்கிலேயே பாருங்கள்: ஒரு நாளின் பிடி என்பது 1/8 + விலக்கத்தின் வர்க்கம் ÷ 42. எட்டு நாளின் பிடியையும் கூட்டினால் 2 வரும். 32, 40 டிகிரி நாட்களுக்கு மட்டும் ஆளுக்கு 0.506. இரண்டு நாளும் சேர்ந்து பாதிப் பிடியை வைத்திருக்கின்றன. அந்த இரண்டிலும் பிழை பூஜ்யமாக இருப்பதைப் பார்த்துக் கோடு அழகாகப் பொருந்துகிறது என்று மகிழக் கூடாது. அவையே கோட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொள்ளும் வலுவோடு இருப்பவை.

நூறு வரிக்கு என்ன செய்வது? ஒவ்வொரு நெடுவரிசைக்கும் மிகச் சிறியது, மிகப் பெரியது இரண்டையும் அச்சிடுங்கள். மதுரையில் பகல் உச்சம் 4 டிகிரி என்று வந்தால் கண் தானே நின்றுவிடும். பிறகு புள்ளிகளை வரைபடமாகப் போடுங்கள். 1973-ல் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் நான்கு சின்ன அட்டவணைகளைத் தந்தார். நான்குக்கும் சாய்வு 0.5, வெட்டு 3, ஒட்டுறவுக் கெழு 0.816. வரைந்தால்தான் தெரியும்: ஒன்று வளைகோடு, ஒன்றில் ஒரு புள்ளி மட்டும் துள்ளி நிற்கிறது, ஒன்றில் ஒரே புள்ளிதான் கோட்டையே உண்டாக்குகிறது. நேர்கோட்டுக்குப் பொருந்துவது நான்கில் ஒன்றுதான்.

கேள்வி (உசிலம்பட்டி): சிஎஸ்வி கோப்பில் ‘கொள்முதல்’ என்று நெடுவரிசைப் பெயர் இருக்கிறது. நிரலிலும் அதையே எழுதுகிறேன். கீ எரர் வருகிறது. எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்துவிட்டேன்.

பதில்: கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டு பெயரின் நீளத்தையும் அச்சிட்டுப் பாருங்கள். ஒன்று 9, மற்றது 10 என்று வரும். கோப்பைத் திறந்ததும் எல்லா நெடுவரிசைப் பெயர்களையும் யூனிகோட்டேட்டாவின் நார்மலைஸ் வழியாக ‘என்எஃப்சி’ வடிவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மாறிப் பெயர்களைப் பைத்தான் தானே சீராக்கிக்கொள்ளும், மேற்கோளுக்குள் இருக்கும் பெயர்களைச் சீராக்காது. நீளம் 11 என்று வந்தால் கடைசியில் ஒரு இடைவெளியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஸ்ட்ரிப் போதும். எக்செலில் சேமிக்கும்போது வெறும் சிஎஸ்வியைத் தேர்ந்தால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும், ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்பதைத் தேருங்கள்.

கேள்வி (செல்லூர்): ‘ரெக்ரஷன்’ என்றால் பின்னடைவு. இதில் எது பின்னடைகிறது?

பதில்: உயரம். 1886-ல் ஆங்கிலேய அறிஞர் கால்டன் 205 பெற்றோர் இணைகள், அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள் 928 பேர் என உயரங்களை ஒப்பிட்டார். நெட்டையான பெற்றோரின் பிள்ளைகளும் நெட்டைதான், ஆனால் பெற்றோர் அளவுக்கு இல்லை. சராசரியை நோக்கிப் பின்வாங்கியிருந்தார்கள். பெயர் அங்கிருந்து ஒட்டிக்கொண்டது. கோடு போடும் முறையோ அதற்கு முன்பே, 1805-ல் பிரெஞ்சுக் கணிதர் லெஜாந்தர் வெளியிட்டது.

கேள்வி (பூ வியாபாரி, திருப்பரங்குன்றம்): மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி வரத்தும் கிலோ விலையும் ஒரு வருடத்துக்குக் குறித்து வைத்திருக்கிறேன். கோடு போட்டால் ஒட்டவே மாட்டேன் என்கிறது. வரத்து அதிகமான நாட்களுக்கு விலை மைனஸில் வருகிறது!

பதில்: மைனஸ் விலைக்குப் பூ கொடுத்தால் வாங்கிக்கொள்ள நாங்கள் தயார். விஷயத்துக்கு வருவோம். வரத்து குறைவாக இருக்கும்போது கொஞ்சம் குறைந்தாலே விலை எகிறும். குவிந்து கிடக்கும்போது இன்னும் வந்தாலும் விலை மெதுவாகத்தான் இறங்கும். இது வளைகோடு. இரண்டுக்கும் மடக்கை எடுத்துவிட்டு அதே நிரலில் விடுங்கள். நம்பையின் லாக்கை ‘மடக்கை’ என்று இறக்கிக்கொண்டால் இவ்வளவுதான்:

```
ம_வரத்து = மடக்கை(வரத்து)
ம_விலை = மடக்கை(விலை)
```

வெயிலுக்குப் பதில் ம_வரத்து, டம்ளருக்குப் பதில் ம_விலை. இனி சாய்வை விழுக்காட்டில் படிக்க வேண்டும். பேச்சுக்குச் சாய்வு −0.8 என்று வந்தால், வரத்து 10 விழுக்காடு கூடும்போது விலை 1.1-இன் −0.8 அடுக்கு, அதாவது 0.927 மடங்கு, 7.3 விழுக்காடு இறக்கம். கணித்ததை மடக்கையிலிருந்து விலைக்குத் திருப்பினால் மைனஸ் வரவே வராது. ஆனால் திருப்பிக் கிடைப்பது நடுவிலை, பாதி விலைகள் அதற்கு மேலும் பாதி கீழுமாக இருக்கும். சராசரி விலை அதைவிடக் கொஞ்சம் மேலே இருக்கும். மார்க்கெட் விடுமுறை நாளில் வரத்து 0 என்று எழுதியிருந்தால் அந்த வரிகளை முதலில் நீக்குங்கள், பூஜ்யத்துக்கு மடக்கை கிடையாது. நம்பை அதை மைனஸ் முடிவிலி ஆக்கி எல்லா விடையையும் ‘நான்’ (‘எண் அல்ல’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று காட்டிவிடும்.

இதற்குப் பிறகும் சில நாட்கள் கோட்டுக்கு மேலே எகிறி நிற்கும். அந்தத் தேதிகளைப் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பாருங்கள், பெரும்பாலும் முகூர்த்த நாளாகவோ அதற்கு முந்தின நாளாகவோ இருக்கும். அதற்கு 1, மற்ற நாளுக்கு 0 என்று இன்னொரு நெடுவரிசை சேர்க்க வேண்டும். அப்போது அது எளிய தொடர்புப் போக்காக இருக்காது, இரண்டு மாறி வைத்த பன்முகத் தொடர்புப் போக்கு. மார்கழி, தைப் பனியில் பூ குறையும். பொங்கலும் தை முகூர்த்தங்களும் அதே சமயம் தேவையைக் கூட்டும். இரண்டும் ஒன்றாக நடப்பதால், முகூர்த்த நெடுவரிசை இல்லாத கோடு வரத்தின் பங்கைப் பெரிதாக்கிக் காட்டும்.

கடைசியாக, பிழைகளைத் தேதி வரிசையில் வரையுங்கள். நேற்று விலை கோட்டுக்கு மேலே இருந்தால் இன்றும் மேலேதான் இருக்கும், பூ விலையின் சுபாவம் அது. அப்படித் தொடர்ச்சியாக மேலும் கீழும் அலைஅலையாக வந்தால், ஜிகர்தண்டாக் கணக்கில் போட்ட அகலச் சூத்திரத்தை இங்கே போடாதீர்கள். 365 நாள் இருந்தும் அத்தனையும் தனித்தனிச் சாட்சிகள் அல்ல, அகலம் உண்மையைவிடக் குறுகலாக வரும். வாரத்துக்கு ஒரு நாளை மட்டும் எடுத்து மறுபடி ஓட்டி, சாய்வு எவ்வளவு அசைகிறது என்று பாருங்கள்.